தகரப் பொம்மையின் ஜாதகம்

பிறந்த ஊரும் நாளும் நேரமும் சொன்னால் ஜோசியர் ஜாதகம் கணித்துக் கொடுத்துவிடுவார். ஊர் தெரியாது, நாள் தெரியாது, பெற்றவர் யாரென்றும் தெரியாது என்றால் அவர் என்ன செய்வார்? பஞ்சாங்கத்தை மூடி வைத்துவிட்டு வெற்றிலைப் பெட்டியைத் திறப்பார். அப்படிப்பட்ட ஓர் அனாதைக்கு ஜாதகம் கணிக்கும் பொறுப்பு சென்ற வருஷம் என் தலையில் வந்து விழுந்தது.

என் தங்கையின் பெண் இங்கிலாந்தில் இருக்கிறாள். கோடை விடுமுறைக்கு வந்தவள், "மாமா, உங்களுக்குத்தான் பழைய சாமான் பைத்தியம் உண்டே என்று ஒன்று வாங்கி வந்தேன்" என்று சொல்லி, துண்டில் சுற்றிய ஒரு பொட்டலத்தை மேஜைமேல் வைத்தாள். பிரித்துப் பார்த்தேன். ஒரு தையல் யந்திரம். ஆனால் ஒரு சாணுக்கும் குறைவான நீளம். சக்கரம், கைப்பிடி, ஊசி மாட்டும் இடம், நூற்கண்டு வைக்கும் குச்சி எல்லாம் இருந்தன. கறுப்பு வர்ணம். அதன்மேல் ஒரு காலத்தில் பூக்கள் இருந்தன என்பதற்கு அடையாளமாகச் சில சிவப்பு, பச்சைத் திட்டுகள். மீதியெல்லாம் துரு. அந்த ஊர் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை ஒன்றில், கை போன பொம்மைகளுக்கும் காது போன கோப்பைகளுக்கும் நடுவே கிடந்ததாம்.

கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தேன். கால் வட்டம் நகர்ந்து, "கடக்" என்று நின்றுவிட்டது.

பக்கத்தில் நின்றுகொண்டிருந்த அவளுடைய ஏழு வயதுப் பெண், "தாத்தா, இது தைக்குமா?" என்று கேட்டாள்.

"நீ ஊருக்குப் போவதற்குள் தைக்கும்" என்றேன். வாக்குக் கொடுப்பதில் எனக்கு என்றுமே தாராள மனசு. அவள் ஊருக்குப் போக இருபத்து மூன்று நாள் இருந்தது.

*

முதலில் யந்திரத்தின் குலம் கோத்திரம் தெரிய வேண்டுமே! கறுப்பு வர்ணமும் பூவேலையும் உள்ள தையல் யந்திரம் என்றால் நம் நாட்டில் யாரும் ஒரே பெயரைத்தான் சொல்வார்கள்: ஸிங்கர். நானும் அதையே சொன்னேன். ஸிங்கர் கம்பெனி குழந்தைகளுக்கென்றே ஒரு சின்ன யந்திரம் செய்தது உண்மைதான். 20-ஆம் நம்பர் மாடல் என்று பெயர், 1910-இல் வெளிவந்தது. அதற்கும் ஒற்றை நூல், கையால் சுற்றும் சக்கரம். நம் அனாதை அந்தப் பெரிய இடத்துப் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டுமென்று மனக்கோட்டை கட்டிக்கொண்டு, எங்கள் தெருக்கோடியில் தையல் மிஷின் ரிப்பேர் செய்யும் பாயிடம் தூக்கிக்கொண்டு போனேன்.

பாய்க்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். யந்திரத்தைப் பார்க்கவில்லை, விரல் முட்டியால் அதன் கழுத்தில் ஒரு தட்டுத் தட்டினார். "டண்" என்றது.

"ஸிங்கர் இல்லே ஸார். ஸிங்கர்னா வார்ப்பிரும்பு, தட்டினா இப்படிப் பேசாது. இது தகரம். தகட்டை அச்சிலே வச்சு அழுத்தி, ஓரத்தை மடக்கிப் பூட்டியிருக்கான் பாருங்க" என்று அடிப்பக்கத்தைக் காட்டினார். சின்னச் சின்ன நாக்குகள் துவாரத்தின் வழியே வந்து மடிந்திருந்தன. பழைய பிஸ்கட் டப்பாவை ஞாபகப்படுத்தும் வேலை.

"ஏதோ விளையாட்டுச் சாமான்தானே?" என்றேன் ஏமாற்றத்துடன்.

"விளையாட்டுச் சாமான் இல்லே ஸார், சின்னச் சாமான். தைக்கறதுக்குத்தான் செஞ்சிருக்கான்" என்றார் பாய். பிறகு, தைரியம் சொல்வதுபோல், "விட்டுட்டுப் போங்க. உப்புக் காகிதம் போட்டு நல்லாத் தேய்ச்சு, கறுப்புப் பெயிண்ட் ஸ்ப்ரே பண்ணிடலாம். புதுசு மாதிரி ஆயிடும்" என்றார்.

அன்று நான் தலையை ஆட்டியிருந்தால் இந்தக் கட்டுரை பிறந்திராது. நம் கோவில்களில் சுவர் சித்திரங்களின்மேல் சுண்ணாம்பு அடித்தவர்களும் நல்ல எண்ணத்தோடுதான் அடித்தார்கள். "இரண்டு நாள் பொறுங்கள் பாய், நானே கொஞ்சம் துடைத்துக்கொண்டு வருகிறேன்" என்று எடுத்து வந்துவிட்டேன்.

ஆனால் நான் மட்டும் என்ன வாழ்ந்தேன்? வீட்டில் பெயிண்டுக்கு வைத்திருந்த தின்னரைத் துணியில் நனைத்து, யந்திரத்தின் கழுத்தில் ஓர் இழுப்பு இழுத்தேன். அழுக்கு வந்தது. அழுக்கோடு ஒரு பூவும், இரண்டு இலையும், ஒரு பொன்னிறக் கோடும் சேர்ந்து வந்துவிட்டன. துணியில் சிவப்பாக ஒரு கறை. எத்தனையோ வருஷம் ஈரத்தையும் குழந்தைகளையும் தாக்குப்பிடித்த பூவை ஒரு நிமிஷத்தில் அழித்துவிட்டேன். இந்தக் குற்றத்தை நான் வேறு யார்மேலும் சுமத்த முடியாது.

பழஞ்சாமான்களைப் புதுப்பிக்க நினைக்கும் வாசகர்கள் இதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொண்டால் போதும். அச்சுப் படம் ஒட்டிய வர்ணத்தின்மேல் தின்னர், ஸ்பிரிட் போன்றவை படவே கூடாது. தையல் மிஷின் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு, முதலில் கண்ணில் படாத ஓர் இடத்தில் துடைத்துப் பார்க்க வேண்டும். வர்ணம் பஞ்சில் ஏறவில்லை என்றால்தான் மேலே போகலாம். உப்புக் காகிதம், இரும்புப் பஞ்சு எல்லாம் வர்ணமில்லாத வெறும் உலோகத்துக்கு மட்டுமே.

மூன்று நாள் எண்ணெயும் பஞ்சுமாக உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம், அடித்தகட்டின் முன் ஓரத்தில் பிசுக்கு இளகி, சில ஆங்கில எழுத்துக்கள் மெல்லத் தலை நீட்டின. பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்கு ஓடினேன்.

"மேட் இன் ஜெர்மனி. பிரிட்டிஷ் ஸோன்."

*

ஐந்தே சொற்கள். அவற்றில் இரண்டு சரித்திரங்கள் இருந்தன.

"மேட் இன் ஜெர்மனி" என்பதை நாம் பெருமையான வாசகமாகவே கேட்டுப் பழகியிருக்கிறோம். பிறக்கும்போது அது வசவாகப் பிறந்தது. அதைப் பெற்றதும் ஜெர்மனி அல்ல, இங்கிலாந்து. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் ஜெர்மன் சரக்குக்கு நல்ல பெயர் கிடையாது. 1876-இல் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் நடந்த உலகக் கண்காட்சிக்கு ஜெர்மனியின் பிரதிநிதியாகப் போன ரூலோ என்ற பேராசிரியரே, தம் நாட்டுச் சாமான்கள் மலிவு, மட்டம் என்று எழுதிச் சொந்த ஜனங்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஜோலிங்கன் ஊரில் செய்த கத்திகளின்மேல் "ஷெஃபீல்ட்" என்று இங்கிலாந்து ஊரின் பெயரைப் பொறித்து விற்ற கெட்டிக்காரர்களும் இருந்தார்கள்.

இதைப் பொறுக்காத இங்கிலாந்து 1887-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அந்நியச் சரக்கு உள்நாட்டுச் சரக்குபோல வேஷம் போட்டு வரக் கூடாது. வந்தால் பிறந்த நாட்டின் பெயரைச் சொல்லிக்கொண்டு வர வேண்டும். ஜெர்மனி என்று பார்த்ததும் ஜனங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள் என்பது ஆங்கில வியாபாரிகளின் கணக்கு. கணக்கு தப்பிப் போயிற்று. நல்ல கத்தி, நல்ல பென்சில், நல்ல பொம்மை, எதைத் திருப்பினாலும் அதே மூன்று சொற்கள். 1896-இல் அந்த மூன்று சொற்களையே தலைப்பாக வைத்து, ஜெர்மன் போட்டியைப் பற்றி வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயர் ஓர் அபாயச் சங்கு ஊத வேண்டியதாயிற்று. ஒதுக்கி வைப்பதற்காக நெற்றியில் குத்திய முத்திரையே திலகமாகிவிட்டது.

முதல் மூன்று சொற்களின் கதை இது. ஆனால் அவற்றால் ஜாதகத்துக்குப் பெரிய பிரயோஜனம் இல்லை. அவை நெடுங்காலம் வழங்கியவை. பிறந்த தேதியைக் காட்டிக்கொடுத்தவை பின்னால் வந்த இரண்டு சொற்களே.

1945 மே மாதம் ஜெர்மனி சரணடைந்தது. வென்றவர்கள் நால்வரும் தேசத்தை நான்கு கூறாக்கிக்கொண்டார்கள். கிழக்கு ரஷ்யாவுக்கு, தெற்கு அமெரிக்காவுக்கு, தென்மேற்கில் ஒரு பகுதி பிரான்சுக்கு, ரூர் நிலக்கரிச் சுரங்கங்களை உள்ளிட்ட வடமேற்கு பிரிட்டனுக்கு. தலைநகரமான பெர்லின், ரஷ்யப் பகுதியின் நடுவில் இருந்தும், தனியே நான்கு துண்டாயிற்று. 1949 மே மாதம் மேற்கில் ஒரு குடியரசும், அக்டோபரில் கிழக்கில் ஒரு குடியரசும் பிறந்தன. ஆகவே "பிரிட்டிஷ் ஸோன்" என்று ஒரு பிரதேசம் பூமியில் இருந்தது நாலே வருஷம். முத்திரை அச்சை ஒருவரும் அரசாங்கம் மாறிய மறுநாளே தூக்கி எறிந்துவிட மாட்டார்கள் என்று இன்னும் ஓரிரு வருஷம் கூட்டிக்கொண்டாலும், நம் யந்திரத்தின் ஜனன காலம் கைக்குள் வந்துவிட்டது.

நாள் கிடைத்தது. ஊர்? பொம்மைத் தையல் யந்திரம் செய்வதில் அந்நாளில் ஜெர்மனியில் பெயர் பெற்றிருந்தவை முக்கியமாக இரண்டு. ஒன்று பெர்லினில் இருந்த முல்லர் கம்பெனி. பெர்லின் சரக்குக்கு "பிரிட்டிஷ் ஸோன்" முத்திரை பொருந்தாது. மற்றொன்று காஸிகே. கார்ல் ஸீப்பர் என்பது முதலாளியின் பெயர். கெவெல்ஸ்பெர்க் என்பது ஊரின் பெயர். மூன்றின் முதல் எழுத்துக்களையும் கோத்த பெயர்தான் காஸிகே. நம் ஊரில் தகப்பனார் பெயரையும் கிராமத்தின் பெயரையும் இனிஷியலாக வைத்துக்கொள்வதில்லையா, அதுபோல. கெவெல்ஸ்பெர்க், ரூர் பிரதேசத்துக்குத் தெற்கு ஓரத்தில் உள்ள சிறு நகரம். பூட்டும் அடுப்பும் இரும்புச் சாமானும் செய்யும் பட்டறைகள் நிறைந்த பள்ளத்தாக்கு. பிரிட்டிஷ் பகுதிக்குள் அடங்கியது. சேகரிப்பாளர்கள் வெளியிட்டிருக்கும் படப் புத்தகம் ஒன்றைத் தேடிப் பிடித்து ஒப்பிட்டேன். அதே கழுத்து வளைவு; அதே சக்கரம்; நான் அழித்த பூவும்கூட அங்கே அப்படியே இருந்தது.

*

ஜாதகம் கணித்தாயிற்று. ஆனால் அதைப் படித்தபோது மனசுக்குச் சந்தோஷமாக இல்லை.

1946-ஆம் வருஷத்துக் குளிர்காலம் ஐரோப்பாவுக்குப் பெரிய சோதனையாக வந்தது. ஜெர்மனியில் குண்டு விழுந்து கூரை போன வீடுகள். எரிக்க நிலக்கரி இல்லை. பிரிட்டிஷ் பகுதியில் அந்த நாட்களில் ரேஷன், தலைக்குத் தினம் ஏறக்குறைய 1000 கலோரி என்ற அளவுக்கு இறங்கியதுண்டு. ஒரு மனிதன் படுத்த படுக்கையாகக் கிடப்பதற்கே அது போதாது. துணி கிடையாது. தாய்மார்கள் ராணுவக் கம்பளியைச் சாயத்தில் முக்கிக் குழந்தைகளுக்குச் சட்டை தைத்தார்கள். செத்துப் போன சிப்பாய்களின் சீருடைகள் பள்ளிக்கூடப் பாவாடைகளாயின.

அந்த ஊரில்தான், அந்தச் சமயத்தில்தான், இந்தப் பொம்மை பிறந்தது.

பட்டினி கிடக்கிறவர்கள் எதற்காகப் பொம்மை செய்தார்கள்? பட்டினி கிடந்ததனால்தான் செய்தார்கள். 1946 மார்ச்சில் நேச நாடுகள் ஜெர்மன் தொழில்களுக்கெல்லாம் ஓர் உச்ச வரம்பு விதித்தன. பீரங்கி செய்த கை மறுபடி பீரங்கி செய்துவிடக் கூடாது என்ற பயம். பல தொழிற்சாலைகளைக் கழற்றி, நஷ்ட ஈடாக எடுத்துக்கொண்டும் போனார்கள். ஆனால் தகரத்தில் ஒரு பொம்மை செய்தால் யாருக்கு என்ன பயம்? அதை வெளிநாட்டில் விற்றால் அந்தப் பணத்துக்குக் கோதுமை வரும். முத்திரை ஆங்கிலத்தில் இருப்பதன் பொருள் அதுதான். கெவெல்ஸ்பெர்க் ஊர்க் குழந்தை விளையாடுவதற்காக இது செய்யப்படவில்லை. கப்பல் ஏறுவதற்காகவே செய்யப்பட்டது.

கப்பல் போய்ச் சேர்ந்த இடமாவது சொர்க்க லோகமா? யுத்தத்தில் வென்ற இங்கிலாந்தில், யுத்தம் நடந்த காலத்தில்கூட ரேஷனில் வராத ரொட்டி 1946 ஜூலையில் ரேஷனுக்கு வந்தது. இரண்டு வருஷம் நீடித்தது. அதற்குரிய காரணங்களில், தாங்கள் ஜெயித்த ஜெர்மன் பகுதிக்கே தானியம் அனுப்ப வேண்டியிருந்ததும் ஒன்று. துணி ரேஷன் 1941-இல் தொடங்கி 1949 மார்ச்சில்தான் முடிந்தது. கிழிந்ததைத் தைத்துப் போட்டுக்கொள்வதே தேசபக்தி என்று அரசாங்கமே துண்டுப் பிரசுரம் போட்டு இல்லத்தரசிகளுக்கு உபதேசம் செய்த நாடு அது.

தோற்ற நாட்டில் ஒரு தாய் ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். வென்ற நாட்டிலும் ஒரு தாய் ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். முன்னவள் நாட்டில் செய்த தையல் யந்திரத்தைப் பின்னவள் நாட்டுக் குழந்தை சுற்றி விளையாடியது. யுத்தத்தைப் பற்றி நான் எத்தனையோ தடித்த புத்தகங்கள் படித்திருக்கிறேன். ஜெயம், தோல்வி என்ற இரண்டு சொற்களுக்கு இந்த ஒரு சாண் தகரம் சொன்ன அர்த்தத்தை அவற்றில் எதுவும் எனக்குச் சொல்லவில்லை.

*

இருபத்து மூன்று நாளில் பதினாறு போய்விட்டது. பாயிடம் மறுபடி போனேன். முத்திரையைக் காட்டிக் கதையைச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, பெயிண்ட் டப்பாவைக் காலால் மேஜைக்கடியில் தள்ளிவிட்டு, "அப்ப மேலே கை வைக்க வேணாம் ஸார். உள்ளே மட்டும் பார்ப்போம்" என்றார்.

அடியில் பழைய எண்ணெய் காய்ந்து அரக்குப்போல் இறுகியிருந்தது. வர்ணத்தில் படாமல் மண்ணெண்ணெயைத் துளித் துளியாக விட்டு ஒரு ராத்திரி ஊற வைத்தார். மறுநாள் இடுக்கியால் எதையோ பிடித்து இழுத்தார். கொக்கியின் கழுத்தில் சுற்றிச் சிக்கிக்கொண்டிருந்த சிவப்பு நூல், நாலு விரற்கடை நீளம். யந்திரம் நின்று போனதற்குக் காரணம் அதுதான். எந்தக் குழந்தையோ என்றோ ஒரு நாள் வேகமாகச் சுற்றி, சிக்கிக்கொண்டு, அம்மாவுக்குத் தெரியாமல் அலமாரிக்குப் பின்னால் ஒளித்துவைத்திருக்கலாம். அந்த நூலை ஒரு தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன்.

இதன் தையலைப் பற்றி ஒரு வார்த்தை. நம் வீட்டு யந்திரத்தில் மேலே ஒரு நூல், கீழே பாபினில் ஒரு நூல். இரண்டும் துணிக்குள் பின்னிப் பூட்டிக்கொள்ளும். பொம்மையில் பாபின் கிடையாது. ஊசி நூலோடு துணிக்குள் இறங்கி, மேலே திரும்பும்போது நூல் லேசாகத் தொய்ந்து ஒரு கண்ணி விழும். கீழே உள்ள கொக்கி அந்தக் கண்ணியைப் பிடித்துக்கொண்டு, அடுத்த தடவை ஊசி இறங்கும் வழியில் நீட்டும். புதுக் கண்ணி பழைய கண்ணிக்குள் நுழையும். இப்படியே கண்ணிக்குள் கண்ணி. பூவேலை செய்யும் பெண்மணிகளுக்குத் தெரிந்த சங்கிலித் தையல்தான்.

இது குழந்தைகளுக்காகக் கண்டுபிடித்த தையல் அல்ல. 1830-இல் திமோனியே என்ற பிரெஞ்சுத் தையற்காரர் உரிமை பெற்ற யந்திரம் போட்டது சங்கிலித் தையலே. பாரிஸில் 80 யந்திரங்களை வைத்து ராணுவத்துக்குச் சீருடை தைத்தார். பிழைப்புப் போய்விடும் என்று பயந்த தையற்காரர்கள் 1831-இல் கூட்டமாகப் புகுந்து அவற்றை நொறுக்கினார்கள். 1857-இல் அவர் வறுமையில் இறந்தார். பூட்டுத் தையல் வந்த பிறகு வீடுகளில் சங்கிலித் தையலுக்கு மவுசு குறைந்துவிட்டது. ஆனாலும் அரிசி மூட்டையின் வாயைப் பாருங்கள். சரியான நுனியைப் பிடித்து இழுத்தால் ஒரே இழுப்பில் பிரிந்து வருகிறதே, அது திமோனியேயின் வம்சம்தான்.

ஊசிதான் கடைசித் தொல்லை. அந்த அளவு ஊசி எந்தக் கடையிலும் இல்லை. பாய் வட்டக் காம்பு ஊசி ஒன்றை எடுத்து, தலைப்பக்கத்தைச் சாணைக்கல்லில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துக் குட்டையாக்கினார். மாட்டினார். சுற்றினார். தைக்கவில்லை. ஊசியை மயிரிழை இறக்கினார். தைக்கவில்லை. கண்ணி விழும் சமயமும் கொக்கி வந்து சேரும் சமயமும் ஒன்றாக வேண்டும். அரை நூல் முன்னே பின்னே போனால் யந்திரம் வெறுமனே துணியைக் குத்திக்கொண்டே போகும். பதினோராவது தடவையோ பன்னிரண்டாவது தடவையோ, துணியைத் திருப்பிப் பார்த்த பாயின் முகம் மலர்ந்தது. அடியில் எறும்புச் சாரிபோல ஒரு சங்கிலி ஓடியிருந்தது.

*

இருபத்தோராம் நாள் குழந்தையிடம் வாக்கை நிறைவேற்றினேன். என் பழைய வேஷ்டியிலிருந்து கிழித்த ஒரு துண்டைக் கொடுத்தேன். நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு, கைப்பிடியைச் சுற்றினாள். யந்திரம் "கிறுகிறு"வென்று பாடிக்கொண்டே ஒரு முழம் தைத்தது. துணியை எடுத்து எல்லாருக்கும் காட்டினாள். காட்டிக்கொண்டே தொங்கிய நூலைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தாள். அவ்வளவுதான், ஒரு முழத் தையலும் "பர்ர்" என்று பிரிந்து கையில் வெறும் நூலாக வந்துவிட்டது. அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"அதற்கு ஒரு வழி இருக்கிறது" என்றேன். மறுபடி தைக்கச் சொல்லி, முடிந்ததும் நூல் நுனியைக் கடைசிக் கண்ணிக்குள் நுழைத்து இழுத்து முடிச்சாக்கிக் காட்டினேன். "இப்போது இழு." இழுத்தாள். பிரியவில்லை.

நான் அழித்த பூவைத் திரும்ப எழுதச் சொல்லி ஓவியர் யாரிடமும் கொடுக்கவில்லை. பாயும் அதற்குச் சம்மதிக்கவில்லை. கழுத்தில் அந்த இடம் வெறுமையாகவே இருக்கிறது. முத்திரை இருக்கும் ஓரத்தில் மட்டும் துரு மேலும் பரவாதபடி எண்ணெய் தடவி வைத்திருக்கிறோம்.

ஊருக்குப் புறப்படுவதற்கு முந்தைய ராத்திரி குழந்தை முத்திரையை எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகு என் பழைய பூகோளப் படப் புத்தகத்தை எடுத்து வந்து, ஜெர்மனிப் பக்கத்தை விரித்து, விரலால் தேடினாள். பிரிந்த இரண்டு ஜெர்மனிகளும் 1990-இல் ஒன்றாகிவிட்டன; அந்தப் படத்தில் நடுவே ஒரு கோடுகூட இல்லை.

"பிரிட்டிஷ் ஸோன் எங்கே இருக்கு தாத்தா?"

"இதில்தான் இருக்கிறது" என்று யந்திரத்தைக் காட்டினேன்.